பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும்: பெண்களை விற்ற காலமும் அதை எதிர்த்து நின்றவர்களும்



நம்ம வீட்டுப் பெண் பிள்ளைகள் காலேஜ் போனால் மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, புதுமைப்பெண் திட்டம், அதற்கு முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 2022க்கு முன்னால் இதே அம்மா பெயரில்தான் திருமண உதவித் திட்டம் இருந்தது. கடைசியில் அதைத் தாலிக்குத் தங்கம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நம்ம குழுக்களில் எத்தனையோ பேர் அந்த உதவியில் கல்யாணம் ஆனவர்கள். ஆனால் யார் இந்த அம்மா, எதற்காக அவர் பெயரை வைத்தார்கள் என்று மனுவில் போட்டிருக்காது.

மலருக்குப் பெண்கள் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். நான் இந்த அம்மாவைப் பற்றித் தேடப் போய், அது பெண்களை விற்பது வாங்குவது என்ற விஷயத்தில் போய் நின்றது. "இதையெல்லாம் மலரில் எழுதலாமா?" என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். பேசாமல் மூடி வைக்கிற விஷயத்தில்தான் புரோக்கருக்கு வசதி.

இராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்தவர். வளர்ந்தது மாயவரம் பக்கத்தில் மூவலூர். குடும்பத்தில் சாப்பாட்டுக்கே வழியில்லை. சின்னக் குழந்தையாக இருந்தபோதே பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் ஒரு தாசி வீட்டில் விட்டுவிட்டார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது. பெற்றவர்களே கொடுத்தது. திருடனும் தூக்கிக்கொண்டு போகவில்லை, சண்டையும் நடக்கவில்லை. கடத்தல் என்றால் நாம் சினிமாவில் பார்க்கிற மாதிரி காரில் வாயைக் கட்டி ஏற்றுவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பசியும் கடனும் இருக்கிற வீட்டுக்கு, தெரிந்த முகம் ஒன்று, கையில் கொஞ்சம் காசோடு வருகிறது. அவ்வளவுதான்.

வாங்கினவர்கள் எதற்கு வாங்கினார்கள் என்று கேட்டால், அங்கேதான் ஒரு நிலத்தின் கதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

தேவரடியார் என்றால் கடவுளின் அடியார் என்று அர்த்தம். இந்தச் சொல்லைத்தான் இன்றைக்குத் தெருச்சண்டையில் அசிங்கமாகத் திட்டுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே அது மரியாதையான சொல். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜ சோழன் நானூறு பெண்களைக் கோயில் பணிக்குக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்ததாக வெட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அதில் இருக்கிறது. பாட்டு, நடனம், சுவாமிக்கு விளக்கு எடுப்பது என்று அவர்களுக்கு வேலை. மற்ற வீட்டுப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் இவர்களுக்குத் தெரியும். சொத்து பெண் வழியில் போகும். ஆகவே அந்தப் பெண்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து விபசாரம் என்று சொல்வது சரியில்லை என்பது என் கருத்து.

ஆனால் ராஜா போனார், ஜமீன்தாரும் மிராசுதாரும் வந்தார்கள். கோயிலில் பொட்டுக்கட்டின பெண்ணை யாராவது ஒரு பணக்காரர் வைத்துக்கொள்வது என்று வழக்கம் மாறிப்போனது. கல்யாணம் கிடையாது. அவர் விட்டுவிட்டால் இன்னொருவர். இதில் பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

இந்தக் குடும்பங்களுக்குக் கோயில் இனாம் நிலம் இருந்தது. நிலம் கோயில் வேலைக்காகக் கொடுத்தது. வேலை செய்ய அந்த வீட்டில் பொட்டுக்கட்டின ஒரு பெண் இருக்கிறவரைக்கும் நிலம் அவர்களுடையது. அடுத்த தலைமுறையில் பொட்டுக்கட்டப் பெண் இல்லையென்றால் நிலம் போய்விடும். அதனால் ஒரு தாய்க்கு மனசு இல்லாவிட்டாலும் சோற்றுக்காகத் தன் மகளுக்குப் பொட்டுக் கட்டினாள். மகள் பிறக்காவிட்டால்? தத்து எடுக்க வேண்டும். தத்து என்று சொல்லிக் காசு கொடுத்து வாங்கவேண்டும். அந்தப் பக்கம் நிலத்தைக் காப்பாற்ற ஒரு பெண் குழந்தை தேவை, இந்தப் பக்கம் பசியில் ஒரு பெண் குழந்தை பாரம். நடுவில் தரகர் நின்றார். இராமாமிர்தம் மாதிரி குழந்தைகள் கைமாறியது இப்படித்தான்.

பஞ்சம் வந்த வருஷங்களில் தரகர்களுக்கு நல்ல வேட்டை. 1896, 97இல் மத்திய இந்தியாவில் பெரிய பஞ்சம் வந்தபோது பண்டித ரமாபாய் என்ற அம்மா மகாராஷ்டிராவிலிருந்து அங்கே போனார். அவரே சின்ன வயசில் பஞ்சத்தில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்தவர். கஞ்சித்தொட்டி முகாம்களைச் சுற்றிக் கெட்ட ஆட்கள் பெண் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, அவர்களுக்கு முந்திக்கொண்டு நூற்றுக்கணக்கான பெண்களைக் கூட்டிவந்தார். புனே பக்கத்தில் கேட்காவ்ங் என்ற ஊரில் முக்தி என்ற இல்லத்தில் வைத்துப் படிப்பும் தொழிலும் சொல்லிக்கொடுத்தார். நம்ம பக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் இருக்கிறது. 1901இல் கோயில் வீட்டிலிருந்து தப்பித்து ஓடிவந்த ஏழு வயசுப் பிள்ளை ஒன்று ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்து அம்மாவிடம் வந்து சேர்ந்தது. முன்னால் ஒருமுறை தப்பிக்கப் பார்த்ததற்குக் கையில் சூடு போட்டிருந்தார்கள். அந்த ஒரு பிள்ளையில் ஆரம்பித்தது பெரிய இல்லமாக வளர்ந்து இன்றும் இருக்கிறது. அந்த அம்மா 1951இல் டோனாவூரிலேயே இறந்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1860இலேயே வெள்ளைக்காரன் எழுதின இந்திய தண்டனைச் சட்டத்தில் 372, 373 என்று இரண்டு பிரிவு இருந்தது. 16 வயசு ஆகாத பெண்ணை விபசாரத்துக்காக விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். 1924இல் அந்த வயசை 18 ஆக்கினார்கள். ஆனால் கோயிலில் சாமிக்குப் பொட்டுக் கட்டினோம், விபசாரத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொரு பக்கம் அதே வெள்ளைக்கார அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? பட்டாளத்துக்காரர்களுக்கு நோய் வருகிறது என்று 1868இல் ஒரு சட்டம் போட்டு, இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப்படுத்தி உடம்பைப் பரிசோதித்தது. நோய் இருந்தால் பெண்ணைப் பூட்டு ஆஸ்பத்திரியில் அடைத்து வைப்பார்கள். வந்து போகிற சிப்பாய்க்குப் பதிவும் இல்லை, பூட்டும் இல்லை. அப்படியானால் அந்தச் சட்டம் யாருக்காக? இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் என்ற அம்மா இந்த மாதிரிச் சட்டங்களை எதிர்த்து வருஷக்கணக்காகப் போராடினார். அங்கே 1886இலும் இங்கே 1888இலும் அதை எடுத்தார்கள். பெண்ணை மட்டும் பிடிக்கிற புத்தி அதோடு போகவில்லை. பின்னால் வரும்.

இனி முத்துலட்சுமி அம்மாவுக்கு வருகிறேன். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி அய்யர் காலேஜ் பிரின்சிபால். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆகவே இந்த அம்மாவுக்கு விஷயம் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது இல்லை, சொந்த வீட்டுக் கதை. ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டை மகாராஜா காலேஜில் சண்டை போட்டு இடம் வாங்கிப் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆனார். பிறகு சட்டசபைக்கு நியமித்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண் இவர்தான். 1927இல் துணைத் தலைவராகவும் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வருஷமே பொட்டுக்கட்டுவதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சபையில் பலர் ஆதரித்தார்கள். சத்தியமூர்த்தி மாதிரி பெரிய தலைவர்கள் எதிர்த்தார்கள். சாஸ்திரம், கலை, கோயில் வழக்கம் என்று காரணம் சொன்னார்கள்.

அந்தப் பெண்களே எதிர்த்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. சென்னையில் சங்கம் வைத்து அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்தச் சங்கத்தில் முன்னால் நின்றவர். நாங்கள் விபசாரிகள் இல்லை, எங்கள் கலையையும் சொத்தையும் பிடுங்காதீர்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுங்கள் என்பது அவர்கள் பேச்சு. நான் இதைப் படித்தபோது இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகவே தெரிந்தது. நாகரத்தினம்மாள் மாதிரி சொத்தும் பேரும் உள்ளவர்கள் பேசியது ஒரு நியாயம். பத்து ரூபாய்க்கு வாங்கி வரப்பட்ட குழந்தை, சங்கத்துக்கும் வர முடியாது, மனுவிலும் கைநாட்டு வைக்க முடியாது. அந்தக் குழந்தைக்காக முத்துலட்சுமி அம்மா பேசினார். இரண்டில் ஒன்று என்றால் நான் குழந்தை பக்கம்தான்.

முத்துலட்சுமி அம்மா செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1929இல் வந்த சட்டம். அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, எல்லோரும் 1947ஐத்தான் சொல்லுவார்கள். 1929 சட்டம் என்ன சொன்னது என்றால், இனாம் நிலத்தை வைத்திருக்கும் தேவதாசிக் குடும்பம் இனிமேல் அந்த நிலத்துக்காகக் கோயில் வேலை செய்யவேண்டியதில்லை, ஒரு வரி கட்டிவிட்டு நிலத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்றது. பொட்டுக்கட்டாதே என்று மட்டும் சொல்லியிருந்தால், நிலம் போகுமே என்று ஒளித்து மறைத்துக் கட்டியிருப்பார்கள். நிலம் போகாது என்று ஆனபிறகு, மகளைக் கோயிலுக்கு விடவேண்டிய அவசியம் போனது. குழு நடத்துகிற நமக்கு இது நன்றாகப் புரியும். கந்துவட்டி வாங்காதே என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். உள்கடன் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

அந்த நிலம் பிறகு மெல்ல மெல்ல அந்தக் குடும்பத்து ஆண் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது என்றும் ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெண்ணுக்கு விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989இல். மூவலூர் அம்மா பெயரில் திருமண உதவி ஆரம்பித்ததும் 1989. தருமபுரி மாவட்டத்தில் ஐஃபாட் உதவியோடு நம்ம சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியதும் 1989. எனக்கு அந்த வருஷத்தின் மேல் ஒரு தனி மரியாதை.

1930இல் சென்னை மாகாணத்துக்கு விபசாரத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்கும் முத்துலட்சுமி அம்மாதான் பாடுபட்டார். விடுதி நடத்துகிறவர், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து விடுகிற தரகர், இவர்களைத் தண்டிக்கவும், சின்னப் பெண்களை மீட்கவும் அந்தச் சட்டம். அதே வருஷம் காந்தியைக் கைது செய்ததற்காக அம்மா சட்டசபையை விட்டே வெளியே வந்துவிட்டார். பொட்டுக்கட்டுத் தடுப்பு மசோதா முழுச் சட்டமாக ஆவதற்கு 1947 வரைக்கும் ஆனது. 17 வருஷம்.

அந்த 1930இல் இன்னொன்று நடந்தது. பொட்டுக்கட்டுக்குத் தப்பித்த இரண்டு மூன்று இளம்பெண்கள் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதி தேடினார். அப்போது சென்னையில் விடுதி எல்லாம் சாதிக்கு ஒன்று. இந்தப் பெண்களை எவரும் சேர்க்கவில்லை. சட்டம் பேசின அம்மாவுக்கு, அந்தப் பெண்கள் இன்று ராத்திரி எங்கே படுப்பார்கள் என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம். பின்னால் அடையாறுக்குப் போய், பள்ளிக்கூடமும் வந்து, இன்றைக்கும் நடக்கிறது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியை 1954இல் ஆரம்பித்ததும் இதே அம்மாதான்.

சட்டசபையில் முத்துலட்சுமி அம்மா பேசிக்கொண்டிருந்த காலத்தில் மூவலூர் அம்மா ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். தனக்குப் பாட்டும் நடனமும் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே கல்யாணம் செய்துகொண்டு அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வந்தவர் அவர். முதலில் காங்கிரஸ், பிறகு பெரியாரோடு சுயமரியாதை இயக்கம். பொட்டுக்கட்டின பெண்களிடம் நேரில் போய்ப் பேசுவார், கல்யாணம் செய்து வைப்பார். 1936இல் "தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்" என்று ஒரு நாவலும் எழுதினார். மைனர் என்றால் வயசு வராதவர் இல்லை, சொத்தை அழிக்கிற பணக்கார வீட்டு வாலிபர். நகையும் சொத்தும் எப்படிக் கைமாறும், தாய்க்கிழவிகள் எப்படிப் பெண்ணைப் பழக்குவார்கள் என்று உள்ளே இருந்தவர் எழுதிய புத்தகம். பெரிய படிப்புப் படிக்காதவர் அவ்வளவு எழுதியிருக்கிறார். 1962இல் காலமானார்.

சுதந்திரம் வந்தபிறகு நம் அரசியல் சட்டத்தில் 23ஆம் பிரிவு மனிதரை வாங்கி விற்பதையே தடை செய்தது. 1950இல் ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியா கையெழுத்துப் போட்டு, 1956இல் நாடு முழுவதுக்கும் ஒரு சட்டம் வந்தது. 1986இல் திருத்தி இன்றைக்கு விபசாரத் தொழில் தடுப்புச் சட்டம் என்று சொல்கிறோம். தரகரையும் விடுதிக்காரரையும் பிடிக்கத்தான் சட்டம். ஆனால் தெருவில் நின்று கூப்பிட்டாள் என்று பெண்ணைப் பிடிக்கவும் அதில் ஒரு பிரிவு உண்டு. பல வருஷமாகச் சிக்கியது பெண்தான். பேப்பரில் "அழகிகள் கைது" என்று போட்டோவோடு வந்த செய்திகளை நாமும் பார்த்திருக்கிறோம். கூட்டிவந்தவன் பெயர் கடைசி வரியில் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது.

பிடித்த பெண்களை வைக்கச் சென்னை மயிலாப்பூரில் அரசு காப்பகம் இருந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா அங்கேயிருந்த பெண்களிடமும் போய் ரத்தம் எடுத்தார். அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான். கண்டுபிடித்த இரண்டு அம்மாக்களுக்கும் நாடு கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் கிருமி இருக்கிறது என்பதற்காகவே பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகைக்காரப் பெண் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பூட்டு ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறதா?

1990இல் மும்பை விடுதிகளிலிருந்து மீட்ட தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கானவர்களை ரயிலில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். முக்தி எக்ஸ்பிரஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மீட்டது நல்ல காரியம். வந்து இறங்கின பிறகு என்ன என்பதில்தான் சிக்கல். பலருக்கு எச்.ஐ.வி. இருந்தது, ஊருக்குப் போனால் ஏற்க ஆளில்லை. ஔவை இல்லத்துக் கதவைத் தட்டின பெண்களுக்கு ஒரு வீடு இருந்தது. இவர்களுக்கு அப்படி ஒரு வீடு ஏற்பாடாகவில்லை.

கல்கத்தாவில் சோனாகாச்சி என்ற இடம் பெரிய விபசாரப் பகுதி. அங்கே 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா சுகாதார வேலைக்குப் போனார். ஆணுறை கொடுத்தார், நோய்க்கு மருந்து கொடுத்தார். அந்தப் பெண்களிடம் பேசப் பேச, அவர்களைக் கட்டிப்போட்டிருப்பது கடன் என்று தெரிந்தது. வங்கி அவர்களைச் சேர்க்காது. வட்டிக்காரனும் விடுதிக்காரியும் சொன்ன வட்டிதான். 1995இல் அந்தப் பெண்கள் உஷா என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். கூட்டுறவுச் சட்டத்தில் நல்ல ஒழுக்கம் உள்ளவர்தான் உறுப்பினர் ஆகலாம் என்று இருந்ததால் பதிவு செய்யவே போராட வேண்டியிருந்தது. நம்மைப் போலவே சேமிப்பு, கடன், பிள்ளை படிப்பு. தர்பார் என்ற அவர்கள் அமைப்பு, புதுசாக வந்து சேருகிற பெண்ணுக்கு வயசு ஆகிவிட்டதா, யாராவது ஏமாற்றிக் கொண்டுவந்தார்களா என்று விசாரிக்கத் தாங்களே ஒரு குழு வைத்தது. எந்த வாசலில் எந்தத் தரகர் வருவான் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? இந்தத் தொழிலைத் தொழிலாக ஏற்கலாமா கூடாதா என்று அவர்களோடு ஒத்துப்போகாதவர்களும் உண்டு. எனக்கும் அதில் முழு மனசு இல்லை. ஆனால் அவர்கள் சேமிப்புப் புத்தகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும், சொந்த சம்மதத்தில் இருக்கும் வயதுவந்த பெண்ணைச் சோதனையின்போது கைது செய்து துன்புறுத்தக் கூடாது, மரியாதையாக நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் 2024இல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 143ஆம் பிரிவு ஆள் கடத்தல். சுரண்டுவதற்காகப் பொய் சொல்லிக் கூட்டிப்போனாலும், மிரட்டினாலும், அந்தப் பெண்ணின் பெற்றோருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்கினாலும் கடத்தல்தான். "அவளே இஷ்டப்பட்டுத்தான் வந்தாள்" என்று தப்பிக்க முடியாது, சம்மதம் கணக்கில் வராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 18 வயசு ஆகாத பிள்ளை என்றால் குறைந்தது பத்து வருஷம் சிறை.

பெற்றோருக்குப் பணம் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நம்ம ஊரில் அதற்கு அட்வான்ஸ் என்று பெயர்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. வீட்டுக்காரருக்குக் கிட்னி போய், வைத்தியத்துக்கு வெளியே வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். மகள் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். தூரத்துச் சொந்தம் என்று ஒருவர் வந்து, வெளி மாநிலத்தில் கடை வேலை, சாப்பாடு தங்கல் இலவசம், முன்பணம் முப்பதாயிரம் என்று சொல்லிப் பத்தாயிரத்தைக் கையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அந்த வாரக் கூட்டத்தில் சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். எங்கள் செயலாளர், கடை பெயர் என்ன, அட்ரஸ் என்ன, அங்கே போன வேறு பிள்ளை யார், அதன் போன் நம்பர் என்ன என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த ஆளுக்கே போன் போட்டு ஆதார் ஜெராக்ஸ் கொண்டுவரச் சொன்னோம். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றவர் வரவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வட்டிக்கடனை அடைக்கச் சங்கத்தில் கடன் போட்டோம். இரண்டு பேர் அந்த மாசம் தங்கள் கடனைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். பத்தாயிரத்தைத் தனியாகக் கவரில் போட்டு வைத்தோம். மூன்று மாசம் கழித்து வேறு ஒருவர் வந்து, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். பிள்ளை பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். புதுமைப்பெண் மனு போட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் தீர்மானம் போட்டு ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறோம். ஊரிலிருந்து எந்தப் பெண் வெளியூர் வேலைக்குப் போனாலும், கூட்டிப்போகிறவர் பெயர், அட்ரஸ், ஆதார் நகல், வேலை செய்யும் இடம், சம்பளம், அந்தப் பெண்ணின் நம்பர் எல்லாம் அதில் எழுதவேண்டும். அட்டையின் உள்பக்கம் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசர போலீசுக்கு 112 என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. மாவட்டத்தில் சகி மையம் இருக்கிறது, அங்கேயும் போகலாம். வேலைக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் யாரையும் தடுப்பதில்லை, அது நம் உரிமை. இந்த மாதிரி நோட்டு ஊராட்சிக் கூட்டமைப்பு ஒவ்வொன்றிலும் வைக்கலாம் என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன்.

இப்போது எங்கள் நோட்டில் ஐந்து பெண்களின் விவரம் இருக்கிறது. மூன்று பேர் திருப்பூரில், ஒருத்தி ஓசூரில், ஒருத்தி கோயம்புத்தூரில். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் முறை வைத்து ஒவ்வொருவருக்கும் போன் பண்ணுகிறோம். ஓசூர்ப் பிள்ளைக்கு மட்டும் ராத்திரி ஷிப்ட், அதனால் அவளுக்குத் திங்கட்கிழமை காலையில்.